டேக்வாண்டோ எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருக்கும் பெற்றோர், பெல்ட் தேர்வுக்கு வரலாறு மனப்பாடம் செய்யும் பிள்ளைகள், கராத்தேயிலிருந்து மாறி வந்தவர்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். முதலில் வருபவை எளியவை, பின்னால் வருபவை கொஞ்சம் வில்லங்கமானவை. கொரியப் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். இங்கே வகுப்புகளில் புழங்கும் உச்சரிப்பையே வைத்துக்கொண்டோம்.

டேக்வாண்டோன்னா என்ன அர்த்தம்? அந்தப் பேரு யாரு வெச்சது?

மூன்று சொற்கள் சேர்ந்த பெயர். ‘தே’ என்றால் காலால் மிதிப்பது, உதைப்பது. ‘குவான்’ என்றால் முஷ்டி. ‘டோ’ என்றால் வழி, நெறி. ஜூடோவின் கடைசியில் வருவதும் இதே ‘டோ’தான்.

பெயரை முன்வைத்தவர் தென்கொரிய ராணுவத் தளபதி சோய் ஹோங் ஹி. 1955 ஏப்ரல் 11 அன்று கூடிய கூட்டத்தில் அது ஏற்கப்பட்டது. அதற்கு முன் எந்த ஆவணத்திலும் ‘டேக்வாண்டோ’ என்ற சொல் கிடையாது. ‘தெக்கியோன்’ என்ற பழைய கொரிய விளையாட்டின் பெயரை நினைவுபடுத்தவேண்டும் என்றே அவர் இந்த ஒலியைத் தேடிப் பிடித்தார். இது ஏன் முக்கியம் என்பது தெக்கியோன் பற்றிய பதிலில் வரும்.

கிளாஸ்ல இது 2,000 வருஷத்துக் கலைன்னு சொல்லித் தர்றாங்க. நிஜமா?

இல்லை. இன்று நீங்கள் வகுப்பில் செய்வது 1940களின் நடுவில் தொடங்கி 1970களில் இப்போதைய உருவத்துக்கு வந்த கலை. கொரியாவில் அதற்கு முன்பே வெறுங்கைச் சண்டைக் கலைகள் இருந்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவை இருந்தன என்பது ஒரு விஷயம், அவற்றிலிருந்துதான் இது வந்தது என்பது வேறு விஷயம். உங்கள் மாஸ்டருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் 1930களின் டோக்கியோவில்தான் போய் நிற்பீர்கள்.

2,000 ஆண்டுக் கதை பிறந்ததற்குக் காரணம் உண்டு. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. விடுதலைக்குப் பிறகு ஜப்பான் வாடை அடிக்கும் எதையும் ‘நம்முடையது’ என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் மனமில்லை. 1971இல் அதிபர் பார்க் சுங் ஹீ ‘தேசியக் கலை டேக்வாண்டோ’ என்று தூரிகையால் தன் கைப்பட எழுதியே கொடுத்தார். அந்தச் சூழலில் வந்த கையேடுகளின் முதல் அத்தியாயம் கல்லறை ஓவியங்களில் தொடங்கியது. அதே அத்தியாயம் மொழி மாறி மாறி நம்மூர்த் தேர்வுத்தாள் வரை வந்து சேர்ந்தது.

அப்போ அந்தக் கல்லறை ஓவியத்துல ரெண்டு பேர் சண்டை போடறாங்களே, அது என்ன?

ஓவியம் உண்மையானதுதான். கொகுர்யோ அரசின் பழைய தலைநகர்ப் பகுதியான ஜியானில் (இன்று சீனாவின் ஜிலின் மாகாணம்) ‘முயோங்சோங்’ என்ற கல்லறை இருக்கிறது. அதன் சுவரில் இரண்டு ஆண்கள் எதிரெதிரே நின்று கைகளை நீட்டியபடி நெருங்குகிறார்கள். பக்கத்துக் கல்லறையில் தெளிவாகவே மல்யுத்தக் காட்சி இருக்கிறது. கி.பி. 357ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆனாக் 3ஆம் கல்லறையிலும் இதுபோன்ற ஓவியம் உண்டு.

ஆனால் அது அசையாத படம். அடுத்த நொடி அவர்கள் உதைப்பார்களா, கட்டிப்பிடிப்பார்களா, ஆட்டமாடுவார்களா என்று படம் சொல்லாது. ‘இது தடுப்பு, இது கத்திக்கை’ என்று கையேடுகளில் அம்புக்குறி போட்டிருப்பது இன்றைய கண்ணால் பார்த்ததன் விளைவு. கியோங்ஜு சொக்குராம் குகைக்கோயிலின் காவலர் சிற்பங்களும் அப்படித்தான். முஷ்டி உயர்த்தி நிற்கும் அத்தகைய பௌத்தக் காவலர்கள் சீனாவிலும் ஜப்பானிலும் கோயில் வாசல்தோறும் நிற்கிறார்கள்.

ஹ்வாராங் வீரர்கள்தானே முதல் டேக்வாண்டோ வீரர்கள்?

பழைய கொரிய அரசான ஷில்லாவின் உயர்குடி இளைஞர் அமைப்பு ஹ்வாராங். வோன்குவாங் என்ற துறவி அவர்களுக்குத் தந்த ஐந்து ஒழுக்க விதிகள் பழைய வரலாற்று நூல்களில் இருக்கின்றன. காலால் சண்டையிடும் முறை எதையும் அவர்கள் பயின்றதாக அவற்றில் இல்லை. சோய் பின்னாளில் தொடங்கிய ஐடிஎஃப் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) பிரிவில் ‘ஹ்வாராங்’ என்று 29 அசைவுகள் கொண்ட ஒரு வரிசை உண்டு. அந்த 29கூட ஷில்லாவிலிருந்து வந்ததல்ல, தளபதி சோயின் 29ஆம் காலாட்படைப் பிரிவைக் குறிப்பது.

பழைய கொரியச் சண்டைக் கலைக்கு எழுத்துல ஆதாரமே கிடையாதா?

நல்ல ஆதாரமே இருக்கிறது. கோர்யோ அரசர் காலத்து வரலாற்றில் ‘சுபாக்’ என்ற கைச்சண்டை பலமுறை வருகிறது. அதில் ஒன்று ஆட்சியையே புரட்டிப் போட்டது. 1170இல் அரசர் உய்ஜோங் முன்னிலையில் படைவீரர்களுக்குச் சுபாக் போட்டி நடந்தது. யி சோ உங் என்ற மூத்த தளபதி ஈடுகொடுக்க முடியாமல் விலக, ஹான் ரோ என்ற அரசவை அதிகாரி அவரைக் கன்னத்தில் அறைந்தார். ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த படைத்தலைவர்கள் அன்றே கிளர்ந்தெழுந்தார்கள். கோர்யோவில் நூறாண்டுக்கு ராணுவ ஆட்சி வந்தது.

இன்னொரு ஆதாரம் 1790இல் அரசர் ஜோங்ஜோவின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட ‘முயேதோபோதோங்ஜி’ என்ற படம் போட்ட போர்க்கலை நூல். அதிலுள்ள 24 கலைகளில் வெறுங்கைக் கலை ஒன்றே ஒன்றுதான்: ‘குவோன்போப்’. மற்றவை வாள், ஈட்டி, தடி, குதிரைமேல் செய்பவை. அந்த ஒன்றும் பெருமளவு சீனத் தளபதி சீ ஜிகுவாங்கின் 16ஆம் நூற்றாண்டு நூலை ஒட்டியது. ஆயுதம் பழகுமுன் உடம்பை வசக்குவதற்கான பயிற்சியாகவே அதை வைத்திருந்தார்கள். இன்றைய பூம்சே (அசைவு வரிசை) எதுவும் அந்தப் பக்கங்களிலிருந்து எடுத்ததல்ல.

தெக்கியோன்தான் டேக்வாண்டோவுக்குத் தாய்னு சொல்றாங்களே?

பெயருக்குத் தாய் என்று வேண்டுமானால் சொல்லலாம். தெக்கியோன் ஜோசோன் காலத்தில் ஊர்த்திருவிழாக்களில் ஆடிய கால்விளையாட்டு. 1846இல் யு சுக் வரைந்ததாகச் சொல்லப்படும் ஓவியத்தில் மேலே மல்யுத்தமும் கீழே தெக்கியோனும் நடக்க, சுற்றிக் கூட்டம் உட்கார்ந்து பார்க்கிறது. எதிராளியைக் காலால் வாரிக் கீழே விழவைத்தாலோ, முகத்தில் காலால் தொட்டாலோ வெற்றி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். தெக்கியோன் ஆடுபவர் ஓரிடத்தில் ஊன்றி நிற்கவே மாட்டார். ‘பும்பால்கி’ என்று முக்கோணமாகக் கால் மாற்றிக்கொண்டே, முழங்காலைத் தளர்த்தி, இடுப்பை அசைத்து, ‘இக்! எக்!’ என்று குரல் கொடுத்தபடி இருப்பார். உதை பெரும்பாலும் தள்ளுவது போலவோ, கொடி சுற்றுவது போலவோ வரும். இடுப்பில் முஷ்டியை இழுத்து வைத்துக்கொண்டு நேர்கோட்டில் குத்தும் பழக்கம் அதில் கிடையாது. டேக்வாண்டோவின் அடிப்படைப் பயிற்சியோ அந்த முஷ்டியில்தான் தொடங்குகிறது.

ஜப்பானிய ஆட்சியில் இந்தக் கலை கிட்டத்தட்ட அற்றே போயிற்று. சியோலின் சாஜிக் பகுதியில் இம் ஹோ என்பவரிடம் சிறுவயதில் கற்ற சோங் தொக் கி (1893–1987) வழியாகத்தான் அது பிழைத்தது. 1983இல் தென்கொரிய அரசு அதைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக, 76ஆம் எண்ணில் சேர்த்தது. 2011இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. டேக்வாண்டோவின் முதல் ஐந்து பள்ளிகளை நிறுவியவர்கள் யாரும் சோங்கின் மாணவர்கள் அல்லர். சோய் ஹோங் ஹி மட்டும் சிறுவயதில் தன் கையெழுத்துக்கலை ஆசிரியரிடம் தெக்கியோன் பழகியதாக எழுதியிருக்கிறார். அவர் அமைத்த வரிசைகளில் அதன் நடையைத் தேடினால் கிடைக்காது.

அப்போ நேராவே கேக்கறேன், இது கராத்தேயிலிருந்து வந்ததா?

தொடக்கம் அங்கேதான். 1922இல் ஒகினாவா தீவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுவந்தவர் கிச்சின் ஃபுனாகோஷி. 1930களில் டோக்கியோ பல்கலைக்கழகங்களில் படித்த கொரிய மாணவர்கள் அவரிடமும் தோயாமா கன்கென் போன்றவர்களிடமும் கற்று ஊர் திரும்பினார்கள். அவர்கள் தொடங்கிய கூடங்களைத்தான் ‘குவான்’ என்கிறோம். முஷ்டியைக் குறிக்கும் குவான் வேறு, இது ‘கூடம்’ என்னும் பொருள்படும் சொல்.

சங் டோ குவானை 1944இல் சியோலில் தொடங்கியவர் லீ வோன் குக். ஃபுனாகோஷியின் மாணவர், சுவோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதே ஆண்டு கேசோங் நகரில் சோங் மூ குவானைத் தொடங்கிய நோ பியோங் ஜிக்கும் ஃபுனாகோஷியிடம் கற்றவரே. 1946இல் ஜோன் சாங் சொப் தொடங்கிய வகுப்பு பின்னாளில் ஜி டோ குவான் ஆயிற்று. யூன் பியோங் இன் என்பவரின் கதை சற்று வேறு. மஞ்சூரியாவில் சீனக் கலை கற்று, பிறகு டோக்கியோவில் தோயாமாவோடு கராத்தேயும் பழகியவர். சியோல் ஒய்எம்சிஏவில் அவர் எடுத்த வகுப்பிலிருந்து சாங் மூ குவான் வந்தது. ஐந்தாவது மூ டக் குவான். அதைத் தொடங்கிய ஹ்வாங் கி மஞ்சூரியாவில் ரயில்வே வேலை பார்த்தபோது சீனக் கலையைப் பார்த்தவர், கராத்தேயைப் புத்தகம் வழியாக அறிந்தவர். அதாவது ஐவரில் இருவரிடம் சீனச் சாயல் உண்டு. ஆனாலும் ஐந்து கூடங்களிலும் தினசரிப் பயிற்சியாக இருந்தவை கராத்தேயின் கட்டாக்கள் (அசைவு வரிசைகள்) தான். ஜப்பானியப் பெயரைக் கொரிய ஒலியில் சொன்னார்கள். ‘ஹெயான்’ அங்கே ‘பியோங்ஆன்’.

நம்பிக்கை வரவில்லை என்றால் தரையில் செய்து பாருங்கள். கராத்தேயின் ஹெயான் ஷோடான்: இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஒரு எட்டு முன்வைத்துக் குத்து, அப்படியே 180 பாகை திரும்பிக் கீழ்த்தடுப்பு. ஐடிஎஃபின் முதல் வரிசையான சோன்ஜி: இடப்பக்கம் கீழ்த்தடுப்பு, எட்டு வைத்துக் குத்து, 180 பாகை திரும்பிக் கீழ்த்தடுப்பு. குக்கிவோன் பாடத்தின் முதல் வரிசையான தேகுக் 1: அதுவே, ஆனால் குட்டையான நடை நிலையில். மூன்றும் பிரிவது அதற்குப் பிறகுதான்.

டாங் சூ டோ, கோங் சூ டோ, டே சூ டோ... இதெல்லாம் ஒண்ணா, வேற வேறயா?

முதல் இரண்டும் கராத்தே என்ற சொல்லின் கொரிய உச்சரிப்பு, அவ்வளவே. கராத்தேயை முதலில் ‘சீனக் கை’ என்று பொருள்படும் எழுத்துகளில் எழுதினார்கள். அதைக் கொரியர் வாசித்தால் ‘டாங் சூ’. 1930களில் ஜப்பானில் அதே ஒலியுள்ள ‘வெறுங்கை’ எழுத்துக்கு மாற்றினார்கள். அதைக் கொரியர் வாசித்தால் ‘கோங் சூ’. எந்தக் குவான் எந்தச் சொல்லை வைத்துக்கொண்டது என்பதுதான் வித்தியாசம்.

டே சூ டோ சமரசப் பெயர். 1961இல் ராணுவ ஆட்சி எல்லாக் குவான்களையும் ஒரே சங்கத்தில் சேரச் சொன்னது. சோயின் ‘டேக்வாண்டோ’வைப் பலர் ஏற்கவில்லை. டேக்வாண்டோவிலிருந்து ‘டே’, டாங் சூவிலிருந்து ‘சூ’ என்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். 1965இல் சோய் சங்கத் தலைவரானதும் டேக்வாண்டோ என்ற பெயர் திரும்ப வந்தது. ஹ்வாங் கி இந்த இணைப்பை ஏற்காமல் தனியே போனார். இன்று வெளிநாடுகளில் ‘டாங் சூ டோ’ என்று நடப்பவை பெரும்பாலும் அவர் வழி வந்தவை. நடிகர் சக் நோரிஸ் அமெரிக்க விமானப்படையில் இருந்தபோது கொரியாவில் கற்றது இதைத்தான்.

ஜெனரல் சோய் ஹோங் ஹிதான் நிறுவனர்னு ஒரு மாஸ்டர் சொல்றாரு, இன்னொருத்தர் அவர் பேரையே எடுக்க மாட்டேங்கறாரு. யாரு சொல்றது சரி?

இரண்டுமே பாதிச் சரி. பெயரும், ராணுவத்தில் பரவலும், வெளிநாட்டு அறிமுகமும் பெரிய அளவில் சோயின் உழைப்பு. சங் டோ குவானின் நாம் தே ஹியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ராணுவத்துக்குள் ‘ஓ டோ குவான்’ தொடங்கினார். 1962இல் நாம் தே ஹி தலைமையில் பயிற்சியாளர்கள் தென்வியட்நாம் போனார்கள். அதே ஆண்டு மலேசியாவுக்குத் தூதராகப் போன சோய் அங்கும் கலையைக் கொண்டுபோனார். மலேசியாவில் இந்தக் கலைக்கு இவ்வளவு நாள் வேர் இருப்பது அதனால்தான்.

ஆனால் அவர் பெயர் சூட்டுமுன்பே ஐந்து குவான்களும் பத்தாண்டாக நடந்துகொண்டிருந்தன. ஒரு தனி நிறுவனரைத் தேடுவதே இங்கே தவறான தேடல். சோயின் பெயரை மறைப்பதற்குக் காரணம் அரசியல். அதிபர் பார்க்கோடு முறைத்துக்கொண்டு 1972இல் கனடாவுக்குப் போனார். 1980இல் வடகொரியாவுக்கு டேக்வாண்டோ குழுவை அழைத்துப் போனார். பனிப்போர்க் காலத்துத் தென்கொரியாவில் அதற்குப் பிறகு அவர் பெயரை யார் எடுப்பார்கள்? 2002இல் அவர் இறந்தது பியோங்யாங்கில்.

ஐடிஎஃப், டபிள்யூடி, குக்கிவோன் – எது எது?

ஐடிஎஃப் 1966இல் சியோலில் சோய் தொடங்கிய கூட்டமைப்பு. அவரோடு கனடாவுக்குப் போய், 1985இல் வியன்னாவுக்கு மாறியது. அவர் இறந்தபின் மூன்றாகப் பிரிந்தது, மூன்றும் ஐடிஎஃப் என்றே சொல்லிக்கொள்கின்றன.

குக்கிவோன் 1972 நவம்பர் 30 அன்று சியோலின் காங்னாம் பகுதியில் திறக்கப்பட்ட தலைமையகம். பாடத்திட்டமும் டான் (கறுப்பு பெல்ட் நிலை) சான்றிதழும் அங்கிருந்து. டபிள்யூடிஎஃப் 1973 மே மாதம் கிம் உன் யோங் தலைமையில் தொடங்கிய விளையாட்டுக் கூட்டமைப்பு, போட்டிகள் அதன் பொறுப்பு. ஆங்கிலச் சுருக்கம் வசைச்சொல் போல ஆகிவிட்டதால் 2017இல் ‘எஃப்’ஐ விட்டுவிட்டு டபிள்யூடி ஆனார்கள்.

நாங்க தேகுக் பண்றோம், பக்கத்து கிளாஸ்ல சோன்ஜி, டான்குன் பண்றாங்க. ஏன் இப்படி?

கட்டாக்களை விட்டு வெளியே வர ஆளுக்கொரு வழி எடுத்தார்கள். சோய் 24 ‘துல்’களை (அசைவு வரிசைகளை) அமைத்தார், நாளின் 24 மணிநேரத்துக்காக. பெயர்களும் அசைவு எண்ணிக்கையும் கொரிய வரலாற்றைக் குறிப்பவை. ஜூங்குன் வரிசைக்கு 32 அசைவுகள். ஜப்பானின் முன்னாள் பிரதமர் இத்தோ ஹிரோபூமியைச் சுட்ட ஆன் ஜுங் குன் 1910இல் தூக்கிலிடப்பட்டபோது கொரியக் கணக்கில் அவர் வயது 32 என்பதைக் குறிக்கிறது. சாம்இல் வரிசைக்கு 33, 1919 மார்ச் 1 விடுதலை அறிவிப்பில் கையெழுத்திட்ட 33 பேருக்காக. ஜப்பானியக் கட்டாவின் எலும்புக்கூட்டின் மேல் ஜப்பானை எதிர்த்தவர்களின் பெயர்களை எழுதியது நுட்பமான வேலைதான்.

கொரியச் சங்கம் முதலில் எட்டு ‘பல்குவே’ வரிசைகளை 1960களின் கடைசியில் கொண்டுவந்தது. அதில் எல்லாக் குவான்களுக்கும் பங்கில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த எட்டுத் தேகுக் வரிசைகளே நிலைத்தன. நிற்கும் உயரம் கூடியது, நடை நிலை வந்தது. கராத்தேயின் தாழ்ந்த நிலையிலிருந்து வேறுபடுத்திக் காட்டவும், சண்டையில் நிற்கும் உயரத்துக்கு நெருங்கவும் இது உதவியது.

மாறி வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். தேகுக் 1இல் நடை நிலைக்குப் பதிலாக நீண்ட நிலையை வைத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் தூரம் கூடிக் கூடி, கடைசியில் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப மாட்டீர்கள்.

ஐடிஎஃப் ஆளுங்க ஒவ்வொரு அசைவுக்கும் ஏன் ஏறி இறங்கறாங்க?

அது ‘அலை அசைவு’. முழங்காலைத் தளர்த்தி உடம்பு சற்று இறங்கி, ஏறி, குத்து முடியும் கணத்தில் மறுபடி இறங்கும். உடல் எடையைக் கீழ்நோக்கி விழவிட்டு அடியில் சேர்ப்பது நோக்கம். சோய் இதைத் தொடக்கத்திலிருந்தே வைத்திருக்கவில்லை, பிற்காலத்தில்தான் வலியுறுத்தினார். அதனால் 1960களில் அவரிடம் கற்றவர்களின் பள்ளிகளில் இது இருக்காது, கராத்தே போல இடுப்புச் சுழற்சிதான் இருக்கும். ‘பழைய முறை தவறு’ என்று அவர்களைத் திருத்தப் போகாதீர்கள்.

சில இடத்துல கோதாங், சில இடத்துல ஜூச்சே. எது சரியான துல்?

பள்ளி எப்போது, யார் பக்கம் பிரிந்தது என்பதைக் காட்டும் அடையாளம் இது. கோதாங் என்பது ஜோ மான் சிக் என்ற தேசியத் தலைவரின் புனைபெயர். 1946இல் சோவியத் படையால் பியோங்யாங்கில் சிறைவைக்கப்பட்டவர். 1980களில் சோய் அதை எடுத்துவிட்டு, வடகொரியக் கொள்கையின் பெயரான ‘ஜூச்சே’யை வைத்தார். அதற்கு முன்பே பிரிந்தவர்களிடமும், அந்த மாற்றத்தை ஏற்காதவர்களிடமும் கோதாங் நிற்கிறது. தேர்வுக்கு உங்கள் சங்கம் எதைக் கேட்கிறதோ அதைச் செய்யுங்கள்.

கராத்தேலருந்து வந்துச்சுன்னா இவ்வளவு உதை எங்கருந்து வந்துச்சு?

இதுதான் டேக்வாண்டோ உண்மையிலேயே சொந்தமாகச் சம்பாதித்தது. 1940களின் குவான் பயிற்சியில் கை அதிகம், உதை குறைவு, அதுவும் இடுப்புக்குக் கீழ். மாறியது விதிகளால். ஜி டோ குவான் வட்டாரத்தில் ஜப்பானிய வாள்பயிற்சிக் கவசத்தைப் பார்த்து மார்புக் கவசம் போட்டு, முழு வேகத்தில் மோதிப் பார்த்தார்கள். கவசம் இருக்கும்போது குத்து எடுபடுவதில்லை, உதைதான் ஆளை நகர்த்துகிறது. முகத்தில் குத்தக்கூடாது, உதைக்கலாம் என்ற விதியும் சேர்ந்தது. 1963 தேசிய விளையாட்டுப் போட்டியில் அதிகாரபூர்வப் பிரிவாக நுழைந்தபின் பதக்கம் வாங்க உதையை வளர்த்தே ஆகவேண்டியிருந்தது.

அதன்பின் இருபது ஆண்டுகளில் வந்தவை ஏராளம். சுழற்சி உதையில் விரல்களுக்குப் பின்னுள்ள அடிப்பாதத் திண்டுக்குப் பதில் புறங்காலால் அடித்து அரையடி தூரம் கூட்டினார்கள். பின்சுழல் உதை, துள்ளி இரட்டை உதை, தலைக்கு மேலிருந்து விழும் கோடரி உதை எல்லாம் போட்டித் தரையில் கூர்மையானவை. பின்னாளில் கராத்தே போட்டிகளே இவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டன.

இதன் இன்னொரு முகமும் உண்டு. கைகளைத் தொங்கவிட்டு நிற்கும் பழக்கம் இந்த விதிகளின் குழந்தை. முகத்தில் குத்து வராது என்று உடம்பு நம்பிவிட்டால், விதி இல்லாத இடத்தில் முதல் அடி அங்கேதான் விழும்.

ஒலிம்பிக்ல எப்ப வந்துச்சு? இப்ப ஏன் காலைத் தூக்கிட்டு வாள்சண்டை மாதிரி ஆடறாங்க?

1988 சியோல், 1992 பார்சிலோனா இரண்டிலும் காட்சிப் போட்டி. 1994 செப்டம்பரில் பாரிஸில் முடிவெடுத்து, 2000 சிட்னியில் பதக்கப் போட்டி ஆனது. ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 4 எடைப் பிரிவுகள்.

2008 வரை புள்ளி கொடுத்தது நடுவர்களின் கண். புகார்கள் ஓயவில்லை. 2012 லண்டனில் மின்னணுக் கவசமும் காணொளி மறுபரிசீலனையும் வந்தன. கவசத்துக்கு வேண்டியது காலுறையிலுள்ள உணரி சரியான இடத்தில், போதுமான அழுத்தத்தோடு படுவது. சுழன்று உதைப்பதைவிட முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தொட்டுத் தொட்டுப் புள்ளி எடுப்பது பத்திரமான வழி என்று வீரர்கள் கண்டுகொண்டார்கள். அதற்குத்தான் இப்போது சுழல் உதைக்குக் கூடுதல் விலை: உடம்பில் சாதா உதைக்கு 2, சுழன்றால் 4. தலையில் 3, சுழன்றால் 5. குத்துக்கு 1.

பெல்ட், யூனிஃபார்ம் எல்லாம் பழங்காலக் கொரியாவோடதா?

கறுப்பு பெல்ட் ஜூடோவிலிருந்து கராத்தேக்கும் அங்கிருந்து குவான்களுக்கும் வந்தது. ஹ்வாங் கி மட்டும் கறுப்புக்குப் பதில் கருநீலம் வைத்தார். உடையும் முதலில் முன்பக்கம் திறந்த கராத்தே உடைதான். தலைவழியாகப் போடும் வி-கழுத்து மேற்சட்டை 1970களில் டபிள்யூடி பக்கம் வந்தது. கொரிய மரபுடையை ஒத்தது என்று சொல்லி அறிமுகம் செய்தார்கள். சண்டையில் சட்டை அவிழ்ந்து தொங்காமல் இருப்பது அதன் உடனடிப் பயன்.

காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் இதுக்கும் மூலம்னு சொல்றாங்களே?

தமிழ் வகுப்புகளில் தவறாமல் வரும் கேள்வி. போதிதர்மர் சான் (ஜென்) பௌத்தத்தில் பெரும் பெயர். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று பாரசீகர் என்கிறது, மற்றொன்று தென்னிந்தியர் என்கிறது. அவர் ஷாவோலினில் சண்டைக் கலை கற்பித்ததாக அந்தக் குறிப்புகளில் இல்லை. அந்தக் கதை சுமார் ஆயிரம் ஆண்டு கழித்து, 17ஆம் நூற்றாண்டில் எழுந்த உடற்பயிற்சி நூலொன்றின் முன்னுரையிலிருந்து கிளம்பியது. டேக்வாண்டோவின் பாதை மேலே சொன்னபடி ஒகினாவா, டோக்கியோ, சியோல். அதில் காஞ்சிக்கு இடமில்லை.

என் சர்டிஃபிகேட்ல குக்கிவோன் முத்திரை இல்ல. செல்லாதா?

கலர் பெல்ட்டுக்கு என்றால் கவலை வேண்டாம். ‘கூப்’ நிலைகளை உங்கள் பள்ளியோ சங்கமோதான் தரும், குக்கிவோன் பதிவு செய்வது கறுப்பு பெல்ட்டை மட்டும். 15 வயது ஆகாதவர்களுக்கு ‘டான்’ கிடையாது, ‘பூம்’. முதல் டானிலிருந்து இரண்டாவதுக்கு ஓராண்டு, மூன்றாவதுக்கு மேலும் இரண்டாண்டு, நான்காவதுக்கு மேலும் மூன்றாண்டு இடைவெளி வேண்டும். யாராவது இதைவிட வேகமாகத் தருகிறேன் என்றால் பதிவெண்ணைக் கேளுங்கள்.

ஐடிஎஃப் பள்ளியில் படித்தவருக்குக் குக்கிவோன் சான்றிதழ் வராது, அது வேறு மரபு. டபிள்யூடி போட்டியில் கறுப்பு பெல்ட்டாக இறங்க நினைப்பவருக்குத்தான் இது தடையாகும்.

பரீட்சையில 2,000 வருஷம்னு எழுதணுமா, 1955னு எழுதணுமா?

சங்கம் கொடுத்த கேள்வித்தாளில் ‘எத்தனை ஆண்டுப் பழமை’ என்று இருந்தால், அவர்கள் கையேட்டிலுள்ள எண்ணை எழுதிவிட்டு மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வில் இன்னும் நாகரிகமான வழி உண்டு: “கொரியாவில் சுபாக், தெக்கியோன் போன்ற பழைய கலைகள் இருந்தன, நவீன டேக்வாண்டோ 1944க்குப் பிறகு குவான்களில் உருவானது, 1955இல் பெயர் பெற்றது.” இதைக் கேட்டு மறுக்கும் தேர்வாளர் அரிது.

புத்தகத்துல இருக்கற வரலாறு நம்பலாமா வேண்டாமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எதை விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1910இலிருந்து நேரே 1955க்குத் தாவியிருந்தால் ஜப்பானில் கற்ற கதையை விழுங்கியிருக்கிறார்கள். தென்கொரிய வெளியீட்டில் சோயின் பெயரே இல்லாமலிருந்தாலோ, ஐடிஎஃப் வெளியீட்டில் லீ வோன் குக்கும் ஹ்வாங் கியும் இல்லாமலிருந்தாலோ பாதிக் கதைதான் கையில் இருக்கிறது.

1950களின் குவான் புகைப்படம் ஏதாவது இருந்தால் அதையும் உற்றுப் பாருங்கள். முன்பக்கம் திறந்த வெள்ளை உடை, தாழ்ந்த முன்நிலை, இடுப்பில் இழுத்த முஷ்டி. அடியிலுள்ள குறிப்பில் ‘டேக்வாண்டோ’ என்று அச்சிட்டிருப்பார்கள், பின்னால் தொங்கும் பலகையில் ‘டாங் சூ டோ’ என்று இருக்கும்.